படியைப் பாதியாக்கிப் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்த முதல் பெரிய கணக்கு, உயரமான ஓர் எஃகுக் கம்பத்தின் ஆட்டம். இயல்பாக நொடிக்கு ஒரு முறை ஆடும் கம்பம். தணிப்பு விகிதம் 1 சதவீதம். அதாவது தானாகவே அடங்கும், ஆனால் நிதானமாக அடங்கும். காற்றில் அது எவ்வளவு ஆடும், உச்சியில் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் ஒன்று தேவையா, தேவையென்றால் எவ்வளவு பெரியது என்று சொல்வதுதான் என் வேலை.

சமன்பாட்டை எழுதுவது சுலபம். நிறை, விறைப்பு, தணிப்பு, காற்றின் விசை, அவ்வளவுதான். ஆனால் காற்று ஒரு நேரம்போல் இன்னொரு நேரம் இருக்காது, அதனால் தாளில் தீர்க்க முடியாது. கணினியிடம் கொடுக்க வேண்டும். நான் கல்லூரியில் முதலில் படித்த ஆய்லர் முறையையே எடுத்துக்கொண்டேன். இந்தக் கணத்தில் கம்பம் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று தெரியும். அடுத்த 0.01 நொடிக்கு அதே வேகம், அதே முடுக்கம் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு ஓர் அடி நகர வேண்டும். புது இடத்தில் புது முடுக்கத்தைக் கணக்கிட்டு மறுபடி ஓர் அடி. ஓர் அடிக்கு எடுக்கும் இந்த 0.01 நொடிதான் படி, அதாவது ஸ்டெப். நொடிக்கு 100 அடி வைக்கிறோம், கம்பமோ நொடிக்கு ஒரு முறைதான் ஆடுகிறது. இது தாராளம் என்றுதான் நினைத்தேன்.

திரையில் ஆட்டம் ஏறிக்கொண்டே போனது. காற்று கம்பத்தோடு ஒத்ததிர்ந்து அதை உலுக்குகிறது என்று முடிவு கட்டினேன். தணிப்பை 2 சதவீதமாக்கினேன், அடங்கவில்லை. 3 ஆக்கினேன், அப்போதும் இல்லை. 3.5 வைத்தபோதுதான் வரைபடம் அடக்கத்துக்கு வந்தது. மூன்று நாள் உழைப்புக்குப் பிறகு, இவ்வளவு பெரிய டேம்பர் வேண்டும் என்று அறிக்கை எழுதி, எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் மேசையில் வைத்தேன். அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, காற்றை நிறுத்திட்டுப் பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

“காற்று வேண்டாம். கம்பத்தைப் பத்து சென்டிமீட்டர் இழுத்து விடுங்க. பத்து நொடி கழிச்சு எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. அப்புறம் ஸ்டெப்பைப் பாதியாக்கி ஒரு தடவை, மறுபடி பாதியாக்கி ஒரு தடவை.”

ஒரு சதவீதத் தணிப்புள்ள கம்பத்தை 10 சென்டிமீட்டர் இழுத்து விட்டால், 10 நொடியில் ஆட்டத்தின் வீச்சு சுமார் 5.3 சென்டிமீட்டராகக் குறைய வேண்டும். இதற்குத் தாளிலேயே விடை உண்டு. என் நிரல் 38 சென்டிமீட்டர் என்றது. காற்று இல்லை, தள்ளுவோர் இல்லை, ஆனாலும் கம்பம் நாலு மடங்கு ஆடுகிறது. படியை 0.005 நொடியாக்கினேன்: 14 சென்டிமீட்டர். 0.0025 ஆக்கினேன்: 8.7 சென்டிமீட்டர். சமன்பாட்டில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. முதல் ஓட்டத்தில் கம்பம் விழுந்துவிடும், இரண்டாவதில் மெல்ல மெல்லக் கெடும், மூன்றாவதில் பிழைத்துக்கொள்ளும்.

அன்று மாலை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஆய்லர் முறை அலைவுக்கு ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் ஆற்றலை ஊட்டுகிறது. எவ்வளவு என்றும் கணக்கிட்டுவிடலாம். என் கம்பத்துக்கும் என் 0.01 நொடிக்கும் அது சரியாக 3.14 சதவீதத் தணிப்பைத் தின்றுவிடும் அளவு. அதனால்தான் 3 சதவீதத்தில் அடங்காத ஆட்டம் 3.5இல் அடங்கியது. மூன்று நாளாக நான் வடிவமைத்த டேம்பர் காற்றை எதிர்த்து அல்ல, என் படி நீளத்தை எதிர்த்து.

இத்தனை ஆண்டுகளில் இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கணினி தரும் விடை நாம் எழுதிய சமன்பாட்டின் விடை அல்ல. சமன்பாடும் முறையும் படியும் சேர்ந்த ஒன்றின் விடை. முறைக்கென்று ஒரு குணம் உண்டு. ஒன்று ஆற்றலைக் கூட்டும், ஒன்று குறைக்கும், ஒன்று தாளத்தைத் தாமதப்படுத்தும். அந்தக் குணம் தெரியாமல் வரைபடத்தைப் பார்த்தால், எது இயற்கை, எது முறையின் கைவேலை என்று பிரிக்க முடியாது.

ஆய்லர் முறை ஏன் ஆற்றலைக் கூட்டுகிறது என்பதைச் சூத்திரம் இல்லாமலே பார்த்துவிடலாம். தணிப்பே இல்லாத ஓர் அலைவை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தைக் கிடையச்சிலும், வேகத்தைத் தக்க அளவில் சுருக்கி நெட்டச்சிலும் குறித்தால், அலைவின் நிலை ஒரு வட்டத்தின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டம் பெரிதானால் ஆற்றல் அதிகம். ஆய்லர் முறை செய்வது, இப்போதிருக்கும் புள்ளியில் தொடுகோடு வரைந்து அதன் வழியே ஓர் அடி போவது. வட்டத்தின் தொடுகோடு வட்டத்துக்கு வெளியேதான் போகும். கவணிலிருந்து விடுபட்ட கல் மாதிரி. எவ்வளவு சின்ன அடி வைத்தாலும் கொஞ்சம் வெளியேதான் வந்து நிற்போம். அங்கிருந்து அடுத்த தொடுகோடு, இன்னும் கொஞ்சம் வெளியே. படியைச் சிறிதாக்கினால் விலகல் சிறிதாகும். அதன் திசை மட்டும் மாறவே மாறாது.

அடியின் தொடக்கத்தில் உள்ள சாய்வுக்குப் (அந்தக் கணத்தில் மாறும் வேகத்துக்குப்) பதில், போய்ச் சேரும் இடத்துச் சாய்வை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இதைப் பின்னோக்கு ஆய்லர் என்பார்கள். வட்டத்துக்கு உள்ளே வந்து விழுவோம். ஆட்டம் தானாக அடங்கும், நாம் கொடுக்காத தணிப்பு வந்து சேரும். இது இன்னும் ஆபத்தானது என்பது என் எண்ணம். பொங்கி வழியும் வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அழகாக அடங்கும் வரைபடத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சிதான். முதலில் வேகத்தைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு அந்தப் புது வேகத்தை வைத்து இடத்தைப் புதுப்பிக்க வேண்டும். நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும், கூடுதலாக ஒரு பெருக்கல்கூட இல்லை. என் கம்பத்தை இந்த முறையில், அதே 0.01 நொடிப் படியில் ஓட்டினால் 10 நொடி முடிவில் வீச்சு 5.3 சென்டிமீட்டர். தாளில் வரும் விடையே வந்துவிடுகிறது. இந்தக் குடும்பத்து முறைகளை 1907இலேயே ஸ்டோர்மர் பயன்படுத்தியிருக்கிறார். 1967இல் வெர்லே மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணக்கிட இதையே கொண்டுவந்தார். தணிப்பில்லாத அலைவில் லட்சக்கணக்கான அடிகள் நடந்தாலும் ஆற்றல் ஒரு சின்ன வரம்புக்குள்ளேயே ஏறி இறங்கும். இந்த முறை ஒவ்வோர் அடியிலும் துல்லியமானது என்று சொல்ல முடியாது. படியைச் சிறிதாக்கினால் பிழை எவ்வளவு வேகமாகக் குறையும் என்ற கணக்கில் சாதாரண ஆய்லருக்குச் சமம்தான். ஆனால் இயக்கத்தின் வடிவத்தை அது மதிக்கிறது.

துல்லியம் என்பது வேறு கதை. அதற்கும் ஒரு கணக்கைக் கிட்டப்போய்ப் பார்த்துவிடுவோம். அறையை விட 100 டிகிரி சூடாக இருக்கும் ஓர் உலோகக் கட்டி ஆறுகிறது. மிச்சமிருக்கும் சூட்டுக்கு ஏற்ற வேகத்தில் ஆறும். அந்த வேகத்தைச் சொல்லும் எண் நேர மாறிலி; அது சிறிதானால் சீக்கிரம் ஆறும். நேர மாறிலி 10 நிமிடம். பத்து நிமிடம் கழித்து அது அறையை விட 36.79 டிகிரி சூடாக இருக்கும். இது உண்மையான விடை. ஆய்லர் முறையில் 5 நிமிடப் படியாக இரண்டு அடி வைத்தால் 25 டிகிரி வரும். இரண்டரை நிமிடப் படியாக நாலு அடி வைத்தால் 31.64. ஒன்றேகால் நிமிடமாக எட்டு அடி வைத்தால் 34.36. பிழையைப் பாருங்கள்: 11.8, 5.15, 2.43. படி பாதியானால் பிழையும் ஏறக்குறையப் பாதி. இதைத்தான் முதல் வரிசை முறை என்கிறார்கள். இரண்டாம் வரிசையில் பிழை நாலில் ஒன்றாகும், நான்காம் வரிசையில் பதினாறில் ஒன்றாகும். கைக்கணக்காகவே செய்து பார்க்கலாம். செய்து பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

ஆய்லர் இந்த முறையை எழுதி வைத்தது 1768இல். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக மேம்படுத்தல்கள் மெதுவாகவே வந்தன. 1883இல் வெளியான ஆடம்ஸ், பாஷ்ஃபோர்த் இருவரின் முறை, திரவத் துளிகளின் வடிவத்தைக் கணக்கிடப் பிறந்தது. நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டே சொன்ன அதே ஆடம்ஸ்தான். பிறகு 1895இல் ருங்கே, 1900இல் ஹாயின், 1901இல் குட்டா. விமான இறக்கையின் தூக்குவிசைக் கோட்பாட்டில் வரும் குட்டாவும் இவரே. இவர்களுடைய யோசனையைச் சுருக்கமாகச் சொன்னால், ஓர் அடிக்குள் சாய்வை ஒரே இடத்தில் பார்க்காமல் பல இடங்களில் பார்த்து, சரியான எடை கொடுத்துச் சராசரி எடுப்பது. நாம் இன்று ருங்கே-குட்டா என்று சொல்லும் நான்காம் வரிசை முறை ஓர் அடிக்கு நாலு தடவை சாய்வைப் பார்க்கிறது. அதே உலோகக் கட்டிக்கு 5 நிமிடப் படியாக இரண்டே அடி வைத்தால் 36.82 டிகிரி. பிழை 0.03. ஆய்லரின் எட்டு அடிக்கும் இதன் இரண்டு அடிக்கும் உழைப்பு ஒன்றுதான், இரண்டிலும் எட்டுத் தடவைதான் சாய்வைக் கணக்கிடுகிறோம். பிழை மட்டும் எண்பதில் ஒரு பங்கு.

இன்னொரு வித்தையும் உண்டு. ஆய்லரின் 34.36ஐ இரண்டால் பெருக்கி, அதிலிருந்து 31.64ஐக் கழியுங்கள். 37.08. இரண்டு மோசமான விடைகளைச் சேர்த்தால் அவற்றை விட நல்ல விடை; பிழை 0.29 டிகிரிதான். படி பாதியானால் பிழை பாதியாகும் என்று தெரியும்போது, அந்தப் பாதியையும் கழித்துவிடலாம் அல்லவா. இந்த உபாயம் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் பெயரால் வழங்குகிறது. கல் அணையின் உள்ளே தகைவு, அதாவது பரப்பளவுக்கான உள்விசை, எப்படிப் பரவுகிறது என்பதை, கணினி இல்லாத காலத்தில், கட்டம் கட்டமாகப் பிரித்து எண்களால் கணக்கிட்டுக் காட்டியவர் அவர்.

ரிச்சர்ட்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. வானிலையையும் இதே போலக் கணக்கிட முடியும் என்று அவர் நம்பினார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதி காலை நிலவரத்தை வைத்து, 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையால் கணக்கிட்டார். கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் தொலைந்து, சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவருக்கு வந்த விடை 145 மில்லிபார் ஏற்றம். அன்று உண்மையில் அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அவ்வளவு தவறான விடையை ஒளிக்காமல் அப்படியே அச்சிட்டார் என்பதால்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை. படி நீளம் அதிகமானதால்தான் அவர் கணக்கு கெட்டது என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது சரியல்ல. அவர் கணக்கிட்டது ஒரே ஓர் அடி. ஒரே அடியில் நிலையின்மை, அதாவது அடிக்கு அடி பெருகும் பிழை, வளர இடமே இல்லை. தொடக்க நிலவரத்தில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்ததுதான் காரணம். பிற்காலத்தில் வானிலை ஆய்வாளர் பீட்டர் லிஞ்ச் அதே தரவைச் சமன்செய்து, அதே வழியில் கணக்கிட்டபோது நம்பக்கூடிய விடை வந்தது. முறை சரியாக இருந்தும், உள்ளே போகும் எண்கள் சரியில்லாவிட்டால் விடை கெடும்.

சரி, நிலையின்மைக்கு வருவோம். பொறியியலில் தினமும் கழுத்தைப் பிடிப்பது இதுதான். ஆறிக்கொண்டிருக்கும் அந்த உலோகக் கட்டியின் மேல் சூட்டை அளக்க ஒரு மெல்லிய கம்பி உணரி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியின் நேர மாறிலி 10 நிமிடம். கம்பியினுடையது 0.01 நொடி. ஒட்டிய 0.05 நொடிக்குள் கம்பி கட்டியின் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கட்டி போன போக்கில் போகும். நமக்குக் கம்பியைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் ஆய்லர் முறைக்குக் கவலை உண்டு. படி 0.02 நொடியைத் தாண்டினால் கணக்கு வெடித்துவிடும். 0.03 நொடி என்று வையுங்கள்: கம்பியின் விலகல் ஒவ்வோர் அடியிலும் மைனஸ் இரண்டால் பெருகும். 1, மைனஸ் 2, 4, மைனஸ் 8. இருபது அடியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக, 10 நிமிடக் கணக்குக்கு 30,000 அடி நடந்தே ஆக வேண்டும். என்றோ அடங்கிப்போன கம்பிக்காக!

இப்படிப்பட்ட சமன்பாடுகளை விறைப்பான சமன்பாடுகள் என்கிறோம். வேதிவினைகளைக் கணக்கிடும்போது இந்தத் தொல்லையைப் பார்த்து, 1952இல் கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் இருவரும் இதற்குப் பெயர் கொடுத்தார்கள். ருங்கே-குட்டாவுக்குப் போனாலும் தப்ப முடியாது, வரம்பு 0.02இலிருந்து 0.028 நொடியாகும், அவ்வளவுதான். பின்னோக்கு ஆய்லர் மாதிரியான இம்ப்ளிசிட் முறைகளில்தான் விடிவு. போய்ச் சேரும் இடத்துச் சாய்வை எடுத்துக்கொள்வதால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும், ஓர் அடியின் விலை கூடும். ஆனால் 10 நொடிப் படி வைத்தாலும் கம்பி அமைதியாக இருக்கும். அலைவில் நாம் குறையாகப் பார்த்த அதே அடக்கும் குணம், இங்கே வரமாகிறது.

துல்லியமும் வேண்டும், நிலைத்தன்மையும் வேண்டும் என்றால்? அடியின் தொடக்கச் சாய்வையும் முடிவுச் சாய்வையும் சராசரி எடுக்கும் சரிவக விதி இரண்டாம் வரிசை. எந்தப் படியிலும் வெடிக்காது. வெப்பச் சமன்பாட்டுக்கு கிராங்க், நிக்கல்சன் இருவரும் 1947இல் கொடுத்த முறையின் உயிர்நாடி இதுதான். இதற்கு மேல் ஆசைப்பட முடியாது என்று 1963இல் டால்குவிஸ்ட் நிரூபித்தார்: நேரியல் பல்படி முறைகளில் (முந்தைய பல அடிகளின் விடைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகளில்), எந்தப் படியிலும் வெடிக்காத முறை இரண்டாம் வரிசைக்கு மேல் போகவே முடியாது. ஆனால் வெடிக்காது என்பதற்கு விடை சரி என்று பொருள் இல்லை. நம் கம்பிக்கு 10 நொடிப் படியில் சரிவக விதியைப் பயன்படுத்திப் பாருங்கள். விலகல் ஒவ்வோர் அடியிலும் மைனஸ் 0.996ஆல் பெருகும். மேலே, கீழே, மேலே, கீழே என்று திரையில் ஒரு ரம்பப்பல். அது ஓர் அடிக்கு 0.4 சதவீதம்தான் குறையும். மின்சுற்றுக் கணக்கிடும் மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கு இந்த ரம்பப்பல் நன்றாகத் தெரியும். சுவிட்ச் திறந்ததும் ஒரு சுருளின் மின்னழுத்தம் அடிக்கு அடி குறி மாறி ஆடும். மின்னழுத்தத்தை வரைந்து காட்டும் நிஜ ஆஸிலோஸ்கோப்பில் அது வராது. படி நீளத்தை மாற்றினால் ஆட்டத்தின் அதிர்வெண்ணும் கூடவே மாறும், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜச் சுற்றின் அதிர்வெண் நம் படியைக் கேட்டு மாறாது.

கட்டட அதிர்வுக் கணக்கில் 1959 முதல் புழங்கும் நியூமார்க் முறையும் இதற்கு உறவுதான். சராசரி முடுக்க வடிவத்தில் அது வீச்சைக் கூட்டாது, குறைக்காது, காலத்தைத்தான் நீட்டும். ஓர் அலைவுக்கு 10 அடி வைத்தால் அலைவுக் காலம் 3 சதவீதம் போல நீளும். நிலநடுக்கக் கணக்கில் அந்த 3 சதவீதம் சில நேரம் பொருட்டே இல்லை, சில நேரம் ரொம்பப் பெரிது.

நேரத்தோடு இடத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்தால் கணக்கு இன்னும் இறுகும். 1928இல் கூராண்ட், ஃப்ரீட்ரிஹ்ஸ், லெவி மூவரும் ஒரு நிபந்தனையைக் காட்டினார்கள். அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தை விட நம் படி நீளமாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால், உண்மையில் ஒரு புள்ளிக்கு வந்து சேர வேண்டிய செய்தி நம் கணக்கில் அந்தப் புள்ளிக்கு எட்டவே எட்டாது. மின்னணுக் கணினியே இல்லாத காலத்தில், தீர்வு இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக அவர்கள் செய்த வேலை இது. இன்று கார் மோதல் கணக்கு ஒவ்வொன்றையும் ஆள்வது இந்த நிபந்தனைதான். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும். பொருளைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையான மெஷ்ஷில் ஒரு கட்டம் 5 மில்லிமீட்டர் என்றால், படி ஒரு மைக்ரோநொடியைத் தாண்டக் கூடாது. மோதல் 0.1 நொடியில் முடிந்துவிடும். அதற்கே ஒரு லட்சம் அடி. மாடல் முழுக்க 5 மில்லிமீட்டராக இருந்து, எங்கோ ஒரு மூலையில் மெஷ் போட்டவர் கவனிக்காத அரை மில்லிமீட்டர்க் கட்டம் ஒன்று இருந்தால் போதும். அந்த ஒன்றுக்காக மொத்தக் கணக்கும் பத்து மடங்கு நேரம் ஓடும். அவசரத்தில் அந்தக் கட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நிறை கொடுத்து, ஒலியின் வேகத்தைக் குறைத்துப் படியை நீட்டுவது வழக்கம். தவறில்லை. ஆனால் எவ்வளவு நிறை சேர்த்தோம் என்று பார்க்காமல் விட்டால், நாம் மோதவிட்டது வேறொரு காரை.

மெஷ் பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் பொறியாளர்கள் நடுவே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. 1991 ஆகஸ்ட் 23. நார்வேயில் ஸ்டவாங்கர் அருகே ஒரு ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே நீளும் கடல்நீர்ப் பகுதி), ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய், எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைத் தண்ணீரில் மெதுவாக இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளத்தில் 24 பெரிய அறைகள். வட்ட அறைகள் மூன்று ஒன்றையொன்று தொடும் இடத்தில் முக்கோணமாக ஒரு சந்து, அதில் கடல்நீர் நிறையும். அந்தச் சந்தின் சுவர் ஒன்று பிளந்தது. மொத்த அடித்தளமும் மூழ்கிக் கடல் தரையில் மோதியபோது அந்த அதிர்ச்சி நிலநடுக்கமானியில் 3 ரிக்டர் என்று பதிவானது. இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரிந்தது: அந்தச் சுவரைக் கணக்கிட்ட வரையறு கூறுகள், அதாவது மெஷ்ஷின் கட்டங்கள், அந்த இடத்துக்கு ஏற்றவையாக இல்லை, பெரியவை. சுவரின் வெட்டுத் தகைவு (சுவரைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையின் அளவு) இருக்க வேண்டியதை விட 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அந்த எண்ணை நம்பிச் சுவரை மெல்லியதாகக் கட்டினார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளின் பிணைப்பும் போதவில்லை. பிறகு கவனமாகச் செய்த ஆய்வு, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் அது உடைந்தது 65 மீட்டரில். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கனக்கிறது. சரியான விடையைக் கணக்கிடும் திறன் அப்போதே மனிதர்களிடம் இருந்தது. அந்த மூலையில் மெஷ்ஷைப் பாதியாக்கி, எண் நகர்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

பார்ப்பதற்கு ஒரு செலவு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பரிமாண வெப்பக் கணக்கில் மெஷ்ஷைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு. ஆய்லர் மாதிரி தொடக்கச் சாய்வை வைத்தே நகரும் எக்ஸ்ப்ளிசிட் முறை என்றால் படியையும் நாலில் ஒன்றாக்க வேண்டும், ஆக 32 மடங்கு வேலை. ஒரு மணி நேரத்தில் முடிவது ஒன்றே கால் நாளுக்கு மேல் இழுக்கும். அதனால்தான் அவசரத்தில் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். முழு மாடலுக்கு நேரமில்லை என்றால் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துச் செய்யலாம். அல்லது மெஷ்ஷைச் சிறிதாக்குவதற்குப் பதில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பெரிதாக்கினால் எட்டில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது, எண் எவ்வளவு நகர்கிறது என்பது தெரிந்துவிடும். தானாகப் படியை மாற்றிக்கொள்ளும் சால்வர்களும் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்கள்) உள்ளே ஏறக்குறைய இதையேதான் செய்கின்றன. ஃபெல்பெர்க் வழியிலும் 1980இல் டார்மண்ட், பிரின்ஸ் கொடுத்த வழியிலும் நான்காம் வரிசை, ஐந்தாம் வரிசை விடைகளை ஒப்பிட்டு, இடைவெளி அதிகமானால் படியைக் குறைக்கின்றன. ஆனால் அவை பார்ப்பது ஓர் அடியின் பிழையை. பயணம் முழுவதிலும் சேர்ந்த பிழையை அல்ல. எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் என்ற பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமலே வருடக்கணக்கில் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது எந்தக் கணக்கானாலும் நான் மூன்று ஓட்டம் ஓட்டுகிறேன். படி, பாதிப் படி, கால் படி. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, பின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கிறேன். முதல் வரிசை முறை என்றால் 2க்கு அருகில் வர வேண்டும், இரண்டாம் வரிசைக்கு 4, ருங்கே-குட்டாவுக்கு 16.

ஒரு முறை, வால்வு சட்டென்று மூடும் ஒரு தொட்டியின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ருங்கே-குட்டா. வரைபடம் வழுவழுப்பாக, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. விகிதம் மட்டும் 16 வரவில்லை. ஒரு தடவை 2 வந்தது, அடுத்த தடவை 3, இன்னொரு தடவை 1.4. நிரலை வரி வரியாக இரண்டு நாள் பார்த்தேன். எடைகள் சரி, நடுப்புள்ளிகள் சரி, நேரமும் சரியாகத்தான் போகிறது. பிறகுதான் உறைத்தது. வால்வு மூடுவது 3.7ஆவது நொடியில். என் அடிகள் எதுவும் சரியாக 3.7இல் வந்து நிற்கவில்லை. ஏதோ ஓர் அடி அதன் குறுக்கே தாண்டிக்கொண்டிருந்தது. அந்த அடியின் நாலு சாய்வுகளில் சில திறந்த வால்வினுடையவை, சில மூடிய வால்வினுடையவை. சாய்வு துள்ளும் இடத்தில் நான்காம் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

3.7ஆவது நொடிக்குச் சரியாக ஓர் அடி வந்து நிற்கும்படி வைத்தேன். அங்கே கணக்கை முடித்து, மூடிய வால்வோடு புதிதாகத் தொடங்கினேன். மூன்று ஓட்டம் ஓட்டி வகுத்துப் பார்த்தேன். 15.8.